காருக்கு வால் முளைத்த கதை

சில வாரங்களுக்கு முன்பு எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில், கார் வடிவமைப்பின் வரலாறு குறித்து ஒரு பொது உரைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். உரையாற்றியவர், சென்னையில் வாகன வடிவமைப்புக் கூடம் ஒன்றில் பணியாற்றும் இளம்பெண். குதிரை வண்டியிலிருந்து மின்சாரக் கார் வரையிலான நூற்றிருபது ஆண்டுக் கதையை ஒரு மணி நேரத்தில் படங்களுடன் விளக்கினார். திரையில் 1959-ஆம் ஆண்டின் காடிலாக் கார் வந்தபோது அரங்கு சிரித்தது. கப்பலைப் போன்ற நீளம். பின்புறத்தில் சுறாமீனின் துடுப்பைப் போல் ஓங்கி நிற்கும் இரண்டு வால்கள். ஒவ்வொரு வாலிலும் ராக்கெட்டின் நெருப்பைப் போல் இரண்டு சிவப்பு விளக்குகள். ஹார்லி எர்ல் காலத்தின் உச்சம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குச் சென்றுவிட்டார்.

நானும்தான் சிரித்தேன். ஆனால், அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. பொருளாதாரம் கற்பித்த காலமெல்லாம், நுகர்வோர் சமுதாயம் என்ற பாடம் வரும்போது இதே காரின் படத்தைக் காட்டி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பழையதென்று எண்ண வைத்துப் புதியதை விற்கும் கலைக்கு ஹார்லி எர்லே தந்தை என்று சொல்லியிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு அவருடைய வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் படிக்க நேர்ந்தது. நான் சொன்னவற்றில் பாதி சரி, பாதி சரியில்லை. அந்தப் பாதியை எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் அன்று அரங்கில் எழுந்தது.

ஹார்லி எர்ல் 1893-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் கலிஃபோர்னியாவில், ஹாலிவுட்டில் பிறந்தார். அப்போது அங்கே திரைப்படத் தொழில் என்று எதுவும் இல்லை. தந்தை குதிரை வண்டிகளுக்குக் கூடு கட்டும் தொழிலாளி. கார்கள் வரத் தொடங்கியதும் அவர் தன் பட்டறையைக் கார்களின் மேற்கூடு கட்டும் தொழிலகமாக மாற்றிக்கொண்டார். நம் ஊர்களில் லாரி, பேருந்து ஆகியவற்றின் அடிச்சட்டம் ஒரு நிறுவனத்திலிருந்து வர, கூடு வேறொரு பட்டறையில் கட்டப்படுவதை நாம் இன்றும் பார்க்கிறோம். அமெரிக்காவில் பணக்காரர்களின் கார்களும் அன்று அப்படித்தான் உருவாயின.

சிறுவயதில் ஒரு கோடை முகாமில் பெருமழை பெய்து ஓய்ந்தபின் கிடைத்த களிமண்ணில் கார் பொம்மைகள் செய்து பார்த்ததாக எர்ல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெறாமலேயே தந்தையின் பட்டறைக்குத் திரும்பினார். அதற்குள் ஹாலிவுட் வளர்ந்துவிட்டிருந்தது. நகைச்சுவை நடிகர் ஃபேட்டி ஆர்பக்கிள், கௌபாய்ப் படங்களின் நாயகர் டாம் மிக்ஸ் ஆகியோர் அவருடைய வாடிக்கையாளர்கள் ஆயினர். டாம் மிக்ஸின் காரில் குதிரைச் சேணம் ஒன்றையே பொருத்திக் கொடுத்தார் என்றால், அவருடைய தொழில் எப்படிப்பட்டது என்பது விளங்கும். ஒருவர் தன்னைப் பற்றிக் காணும் கனவு எதுவோ, அதைத் தகட்டில் வடித்துத் தருவதே அந்தத் தொழில்.

1919-இல் லாஸ் ஏஞ்சலஸின் காடிலாக் விற்பனையாளர் டான் லீ அந்தப் பட்டறையை வாங்கினார். எர்ல் அதிலேயே தொடர்ந்தார். அங்கு வந்த காடிலாக் நிறுவனத் தலைவர் லாரன்ஸ் ஃபிஷரின் கண்ணில் பட்டது, எர்ல் வேலை செய்த முறை. மற்றவர்கள் மரத்தைச் செதுக்கியும் தகட்டை அடித்தும் மாதிரிகள் செய்துகொண்டிருக்க, எர்ல் களிமண்ணில் காரின் முழு வடிவத்தை இழைத்துக் காட்டினார். மரம் உளிக்குத் தக்கபடிதான் வளையும். களிமண் கை போன போக்கில் வளையும். விளக்கு, மட்காப்பு, எந்திர மூடி என்று தனித்தனித் துண்டுகளை ஒட்டவைத்த பொருளாக இருந்த கார், ஒரே உடலாகத் தோன்றத் தொடங்கியது அந்தக் களிமண்ணிலிருந்துதான்.

ஃபிஷர் அவரை டெட்ராய்ட்டுக்கு அழைத்தார். காடிலாக்கின் தங்கை போன்ற லாசால் என்ற புதிய காருக்கு எர்ல் வடிவம் தந்தார். ஐரோப்பாவின் ஹிஸ்பானோ-சுய்ஸாவைப் பார்த்துத்தான் அதை வரைந்தேன் என்பதை அவர் மறைக்கவில்லை. 1927-இல் வெளிவந்த அந்தக் கார் பாராட்டைப் பெற்றது.

இங்கே ஆண்டு முக்கியமானது. ஹென்றி ஃபோர்டு 1908-இல் தொடங்கிய மாடல் டி கார் உற்பத்தி நின்றுபோனதும் அதே 1927-இல்தான். ஏறத்தாழ 1.5 கோடி கார்கள், ஒரே அச்சு. 850 டாலரில் தொடங்கிய விலையை 300 டாலருக்கும் கீழே கொண்டுவந்தார் ஃபோர்டு. 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது. கார் வாங்கும் நிலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வாங்கி முடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஃபோர்டிடம் விடையில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோனிடம் இருந்தது. பணம் ஏற ஏறப் படியேறுவதுபோல், கீழே செவ்ரோலே, மேலே காடிலாக், இடையில் பிற கார்கள், கடனுக்குத் தவணைமுறை, பழைய காரைக் கொடுத்துப் புதியதைப் பெறும் வசதி, ஆண்டுதோறும் ஒரு புதிய தோற்றம். இவற்றோடு டூபாண்ட் நிறுவனம் கண்டுபிடித்த, விரைவில் உலரும் டியூகோ வண்ணப்பூச்சும் சேர்ந்துகொண்டது. நாள்கணக்கில் காய வேண்டியிருந்த வண்ணம் மணிக்கணக்கில் காய்ந்தது. எந்த நிறமும் சாத்தியமாயிற்று. 1921-இல் அமெரிக்கக் கார்ச் சந்தையில் 12 விழுக்காடு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1950-களில் ஏறத்தாழப் பாதியைப் பிடித்தது.

ஸ்லோனின் திட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. அந்த இடத்துக்குத்தான் எர்ல் வந்தார். 1927-இல் கலையும் வண்ணமும் என்ற பெயரில் ஒரு புதிய பிரிவைத் தொடங்கி, அதன் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார் ஸ்லோன். மொத்தம் ஐம்பது பேர். அவர்களில் வடிவமைப்பாளர்கள் பத்துப் பேர்.  பெரிய நிறுவனம் ஒன்று தன் கார்களின் தோற்றத்துக்கென்றே ஒரு துறையை வைத்துக்கொண்டது அப்போதுதான். பொறியாளர்களும் உற்பத்தி மேலாளர்களும் அதை அழகு நிலையம் என்று கேலி செய்தனர்.

கேலிக்குக் காரணமும் விரைவில் கிடைத்தது. 1929-ஆம் ஆண்டு பியூக் காரின் பக்கவாட்டில், சன்னலுக்குச் சற்றுக் கீழே எர்ல் ஒரு மெல்லிய புடைப்பை வரைந்திருந்தார். தொழிற்சாலையில் கதவின் அடிப்பகுதியை உள்ளே இழுத்தார்கள், உயரத்தையும் கூட்டினார்கள். புடைப்பு தொந்தியாயிற்று. கர்ப்பிணி பியூக் என்று ஊரே பெயர் வைத்தது, விற்பனை சரிந்தது. தன்னிடம் கேளாமல் மாற்றினார்கள் என்பதுதான் எர்லின் வாதம். அன்றிலிருந்து, வரைபலகையில் தொடங்கித் தொழிற்சாலை வாசல் வரை தன் வடிவத்தைக் காவல் காப்பது என்று முடிவெடுத்தார். பொறியாளர்கள் முரண்டு பிடித்தால் ஸ்லோனைத் தொலைபேசியில் அழைப்பார் என்பது நிறுவனத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1937-இல் அவருடைய பிரிவு வடிவமைப்புத் துறை என்று பெயர் மாறியது. 1940-இல் அவர் நிறுவனத்தின் துணைத் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு உயர்ந்த முதல் வடிவமைப்பாளர் அவரே.

எர்லின் பணிமுறை வியப்பானது. ஆறடி நான்கு அங்குல உயரம். பளிச்சிடும் நிறங்களில் உடுப்பு. எளிதில் மூளும் கோபம். தாமே உட்கார்ந்து வரைபவர் அல்லர். மற்றவர்களின் வரைபடங்களுக்கும் களிமண் மாதிரிகளுக்கும் இடையே உலவி, இந்தக் கோட்டைத் தாழ்த்து, அந்த வளைவை நீட்டு என்று சொல்லிச் சொல்லியே காரை உருவாக்கினார். ஐந்து வகைக் கார்களுக்கும் ஐந்து தனிக்கூடங்கள். ஒன்றின் ரகசியம் மற்றதற்குத் தெரியாது. ஒரே முதலாளிக்கு வேலை செய்தவர்களைத் தங்களுக்குள்ளேயே போட்டியிட வைத்தார். இதில் மனிதத்தன்மை குறைவு என்பது என் கருத்து. அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் பலர், அவரை நினைக்கும்போதெல்லாம் அச்சத்தையும் நன்றியையும் சேர்த்தே நினைத்தார்கள்.

அவருடைய கொள்கை எளிமையானது. கார் நீளமாக வேண்டும், தாழ வேண்டும். சதுரத்தைவிட நீள்சதுரம் கண்ணுக்கு இனியது என்று நம்பினார். இதைச் சாதிக்க அழகுணர்ச்சி மட்டும் போதாது. தகடு உருட்டும் ஆலைகள் அகலமான எஃகுத் தகட்டைத் தரத் தொடங்கியதும், துணியும் மரமும் கலந்த கூரை போய், 1935-ஆம் ஆண்டுக் கார்களில் ஒரே எஃகுத் தகட்டாலான கூரை வந்தது. வெளியே தொங்கிக்கொண்டிருந்த மாற்றுச் சக்கரமும் பெட்டியும் உடலுக்குள் மறைந்தன. ஏறுவதற்கான பக்கப் படிக்கட்டுகள் மறைந்தன. இன்று நாம் கார் என்று சொன்னதும் மனத்தில் தோன்றும் உருவம் பெரும்பாலும் அந்தப் பத்தாண்டுகளில் உருவானதே. வால்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை, நானும் கவனித்ததில்லை.

1938-இல் ஒய்-ஜாப் என்ற பெயரில் ஒரே ஒரு பியூக் காரைச் செய்யவைத்தார். முகப்பு விளக்குகள் மூடிகளுக்குள் மறைந்துகொள்ளும். சன்னல்கள் மின்சாரத்தால் இயங்கும். விற்பதற்காகச் செய்யப்பட்டதன்று; எதிர்காலக் கார் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. இன்று கண்காட்சிகளில் நாம் பார்க்கும் கருத்துருக் கார்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. பல ஆண்டுகள் அதை எர்ல் தாமே ஓட்டிக்கொண்டு அலுவலகம் சென்றார். தெருவில் போவோரின் கழுத்து எத்தனை தூரம் திரும்புகிறது என்பதுதான் அவருக்குச் சந்தை ஆய்வு.

வாலின் கதை போர்க்காலத்தில் தொடங்குகிறது. லாக்ஹீட் நிறுவனத்தின் பி-38 என்ற போர் விமானத்தைத் தம் வடிவமைப்பாளர்களுக்குக் காட்ட எர்ல் ஏற்பாடு செய்தார். இரட்டை உடல், இரட்டை வால் கொண்ட அந்த விமானம் அவர்கள் மனத்தில் பதிந்தது. போர் முடிந்து, 1948-ஆம் ஆண்டு காடிலாக்கின் பின்விளக்குகளுக்கு மேலே சிறு மேடாக அந்த வால் முளைத்தது. முதலில் முகம் சுளித்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் விரும்பத் தொடங்கினர். பிறகு ஒவ்வோர் ஆண்டும் வால் சற்று வளர்ந்தது. குரோமியப் பூச்சும் கூடியது.

போருக்குப் பிந்தைய அந்த அமெரிக்காவை மனத்தில் கொள்ள வேண்டும். பெருமந்தத்தையும் போரையும் கடந்து வந்த தலைமுறையின் கையில் முதன்முறையாகப் பணம் இருந்தது. அவர்களுக்காக எர்ல் மோட்டோரமா என்ற பெயரில் ஊர் ஊராகக் கண்காட்சிகள் நடத்தினார். 1949 முதல் 1961 வரை நடந்த அவற்றை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப்-அஸ்டோரியா விடுதியில் நடந்த கண்காட்சியில்தான், கண்ணாடியிழை உடல் கொண்ட கார்வெட் அறிமுகமானது. அந்த ஆண்டு செய்யப்பட்டவை 300 கார்கள். அனைத்தும் வெள்ளை நிறம். ஜெட் விமானத்துக்குச் சக்கரம் வைத்தாற்போன்ற ஃபயர்பேர்டு என்ற எரிவளிச் சுழலிக் காரும் அந்தக் காலத்தில் வந்ததே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார் வாங்கும் முடிவில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு என்பதை உணர்ந்து, 1950-களின் நடுவில் பெண் வடிவமைப்பாளர்கள் பலரை எர்ல் பணியில் சேர்த்தார். நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு அவர்களை வடிவமைப்பு மங்கையர் என்று பெயர்சூட்டிக் காட்சிப்படுத்தியது. அந்தப் பெயரை அவர்கள் விரும்பவில்லை. காரின் உட்புறம்தான் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும், கதவு திறந்திருந்தது. எர்லுக்குப் பின் வந்தவர் அதில் நாட்டம் காட்டவில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர்.

குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒருவர் ஒரு காரை வைத்திருக்கும் காலம் ஐந்து ஆண்டுகளிலிருந்து இரண்டு ஆண்டுகளாகக் குறைந்ததை எர்ல் வெளிப்படையாகவே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அதை ஓராண்டாகக் குறைப்பதே தம் இலக்கு என்றும் கூறினார். இதை மறுக்கவோ மறைக்கவோ முடியாது. கால்பிரெய்த் 1958-இல் வெளியிட்ட செல்வச் சமுதாயம் பற்றிய நூலில், தனியார் காரின் ஆடம்பரத்தையும் பொதுச் சாலையின் சீரழிவையும் அருகருகே வைத்துக் காட்டினார். ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய நூல், தோற்றத்துக்கான செலவு பாதுகாப்பைப் பின்னுக்குத் தள்ளியதை அம்பலப்படுத்தியது. கூரிய வால்களில் மோதிக் காயமுற்றவர்களைப் பற்றியும் அதில் உண்டு. இந்தக் குற்றச்சாட்டிலிருந்து எர்லை நான் விடுவிக்க மாட்டேன்.

என் பாடத்தில் நான் அதிகம் சார்ந்திருந்தது ஃபிராங்க்ளின் ஃபிஷர், ஸ்வி கிரிலிக்கஸ், கார்ல் கேசன் ஆகிய மூவர் 1962-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை. 1949-ஆம் ஆண்டுக் கார்களே தொடர்ந்து செய்யப்பட்டிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 1956 முதல் 1960 வரை ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர். ஒரு காரின் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். இந்த எண்ணை எழுதிவிட்டு, கீழே வால் முளைத்த காரின் படத்தை வைப்பேன். வகுப்பு முடிந்தது.

ஆனால், அந்தக் கட்டுரையை அண்மையில் மறுபடியும் படித்தபோது நான் வகுப்பில் சொல்லாமல் விட்டவை கண்ணில் பட்டன. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்ற அச்சுகளைப் புதிதாகச் செய்யும் செலவு அந்தத் தொகையில் சிறு பகுதிதான். பெரும்பகுதி, காரின் அளவும் எந்திர ஆற்றலும் கூடியதாலும், அதனால் கூடுதலாக எரிந்த பெட்ரோலாலும் வந்தது. மேலும், அந்த மூவரும் இதை வீண்செலவு என்று தீர்ப்பெழுதவில்லை. விலையை அறிந்தேதான் மக்கள் வாங்கினார்கள் என்பதையும் கணக்கில் கொண்டார்கள். தீர்ப்பு நான் சேர்த்தது.

இரண்டாண்டில் விற்கப்பட்ட கார் குப்பைக்குப் போகவில்லை என்பதையும் நான் சொன்னதில்லை. பழைய கார்ச் சந்தை வழியாக அது ஒரு தொழிலாளியின் வீட்டுக்குப் போனது. அங்கிருந்து இன்னொருவரின் வீட்டுக்கு. ஃபோர்டின் புதிய மாடல் டி காரைத் தோற்கடித்த போட்டியாளர்களில் ஒன்று, அதே விலைக்குக் கிடைத்த பழைய செவ்ரோலேயே. இதற்கு நேர் மாறான அனுபவம் நமக்கு உண்டு. 1950-களின் இறுதியில் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி வந்த அம்பாசிடர், 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை வெளித்தோற்றத்தில் பெரிதாக மாறவே இல்லை. தோற்றத்தை மாற்றும் செலவு இல்லை. அந்தச் சேமிப்பின் பயன் வாங்குபவருக்குக் கிடைத்ததா என்றால், பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். போட்டியில்லாத சிக்கனம் என்ற ஒன்று உண்டு. அதை நான் அனுபவித்தவன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 1959 காடிலாக்கின் பிறப்பு. 1956-இல், போட்டி நிறுவனமான கிரைஸ்லரின் அடுத்த ஆண்டுக் கார்கள் ஒரு திடலில் நிறுத்தப்பட்டிருப்பதை எர்லின் உதவியாளர்களில் ஒருவர் தற்செயலாகப் பார்த்தார். விர்ஜில் எக்ஸ்னர் வடிவமைத்த அந்தக் கார்கள் மெலிந்து, தாழ்ந்து, நீண்ட வால்களுடன் பறப்பதற்குத் தயாரானவைபோல் நின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் கூடங்களில் அப்போது உருவாகிக்கொண்டிருந்தவையோ, எர்லின் ஆணைப்படி குரோமியம் சுமந்த பருத்த உடல்கள். எர்ல் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். உதவியாளர்கள், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பில் மிட்செலின் துணையோடு, அவர் ஒப்புதல் தந்திருந்த 1959-க்கான வடிவங்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரைந்தார்கள். திரும்பி வந்த எர்ல் கூடங்களைச் சுற்றிப் பார்த்தார். முப்பதாண்டுகளாக அந்தக் கூடங்களில் அவர் சொல்லை மீறி ஒரு கோடும் மாறியதில்லை. அவர் வெடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இறுதியில், புதிய வடிவங்களையே ஏற்றுக்கொண்டார்.

ஆக, உலகம் எர்லின் அடையாளமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த வால், அவரை மீறி எழுந்த இளையவர்களின் கைவேலை. விதையிட்டவர் அவர் என்பது உண்மை. வளர்த்துவிட்டது போட்டி நிறுவனத்தின் மீதான அச்சம். ஒரு மனிதரின் ஆணவம் என்று நான் கற்பித்ததை, இரண்டு மூன்று பெருநிறுவனங்கள் மட்டுமே ஆளும் சந்தையின் இயல்பு என்று கற்பித்திருக்க வேண்டும். நான் பொருளாதார ஆசிரியன்.

குரோமியம் சுமந்த 1958-ஆம் ஆண்டுக் கார்கள் எர்லின் கடைசிக் கார்கள் எனலாம். அந்த ஆண்டு பொருளாதார மந்தம். பெரிய கார்களின் விற்பனை விழுந்தது. ஆண்டுகள் போனாலும் உருவம் மாறாத, ஜெர்மனியின் சிறிய ஃபோக்ஸ்வேகன் காரைத் தேடி அமெரிக்கர்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். அறுபத்தைந்து வயது நிறைந்து, ஆண்டு இறுதியில் எர்ல் ஓய்வு பெற்றார். ஐம்பது பேரோடு அவர் தொடங்கிய துறையில் அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஃபுளோரிடாவில் குடியேறி, 1969 ஏப்ரல் 10-ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில் காலமானார். டேட்டோனா 500 கார் பந்தயத்தில் வெல்பவருக்கு அவர் பெயரிலான கோப்பை இன்றும் வழங்கப்படுகிறது. அதன் உச்சியில் சிறிய ஃபயர்பேர்டு ஒன்று நிற்கிறது.

உரை முடிந்தபின் அந்த இளம்பெண்ணிடம் இந்தக் கதையில் ஒரு பகுதியைச் சொன்னேன். வாலை வரைந்தது எர்ல் அல்ல என்பது தனக்குப் புதிய செய்தி என்றார். தங்கள் கூடத்தில் எல்லாவற்றையும் கணினியில்தான் வரைகிறார்கள் என்றும், ஆனாலும் முடிவெடுக்கும் கட்டத்தில் இன்றும் காரின் முழு அளவில் களிமண்ணைச் சூடாக்கி அப்பி, சீவி, வெளியே வெயிலில் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள் என்றும் சொன்னார். திரையில் சரியாகத் தெரிந்த கோடு வெயிலில் தவறாகத் தெரியுமாம்.

வீட்டுக்கு வந்து பழைய கோப்புகளைத் தேடினேன். வகுப்பில் ஒளிவீச்சுக் கருவியில் வைத்துக் காட்டிய தாள் இன்னும் இருக்கிறது. காடிலாக்கின் படம், 500 கோடி என்ற எண், அதன் கீழே என் கையெழுத்தில் ஹார்லி எர்ல் என்ற பெயர். அது ஒன்றுதான், வேறு எவர் பெயரும் இல்லை.